லண்டனிலிருந்து பாரிசுக்குக் குடும்பத்தோடு: ரயிலா, காரா, விமானமா, பேருந்தா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். பாரிசில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், சில சமயம் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. யூரோஸ்டார் ரயில் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. காரில் போனால் பாதிச் செலவுதான் என்கிறார் ஒருவர். விமானம் அதைவிட மலிவு என்கிறார் இன்னொருவர்.

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவர் தன் ஐந்து பேர் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். மற்றவர் தனியாக ஒரு தோள்பையோடு போயிருப்பார். உங்கள் கணக்கு உங்கள் வீட்டு ஆட்களின் வயதையும், எத்தனை வாரம் முன்னதாகப் பதிவு செய்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

## விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

வாசலிலிருந்து வாசல்வரை நேரம். விமானம் ஒன்றேகால் மணி நேரம், ரயில் இரண்டேகால் மணி நேரம் என்று ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அக்கா வீட்டு மணியை அடிப்பதுவரை எண்ணுங்கள்.

ஆளுக்கு விலையா, வண்டிக்கு விலையா. ரயிலும் விமானமும் பேருந்தும் தலைக்கணக்கு. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கத்தில் காரை ரயிலில் ஏற்றிச் செல்லும் லெ ஷட்டில் சேவைக்கு வண்டிக்கணக்கு. ஒன்பது பேர்வரை ஒரே கட்டணம். குடும்பம் பெரிதாகப் பெரிதாகக் கார் பக்கம் தராசு சாயும்.

பிள்ளைகளின் வயது. யூரோஸ்டாரில் 4 வயது ஆகாத குழந்தை மடியில் உட்கார்ந்தால் கட்டணம் இல்லை. 4 முதல் 11 வயதுவரை சிறுவர் கட்டணம். விமானத்தில் 2 வயது முடிந்தாலே தனி இருக்கை, மலிவு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் விலை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் இந்த ஒரு வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

பாரிசில் எங்கே. ஊருக்குள் தமிழ்க் கடைத்தெரு இருக்கும் லாச்சப்பலா, புறநகரான சார்செல்லா, ஓல்னேயா? ஊருக்குள் என்றால் கார் சுமை. புறநகர் என்றால் கார் வசதி.

எல்லோருடைய பாஸ்போர்ட்டும். இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது இதுதான். விவரம் கீழே.

| வழி | வீட்டிலிருந்து லாச்சப்பல்வரை | கட்டணம் | சுமை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| யூரோஸ்டார் | 4½–5 மணி | ஆளுக்கு | பெரியவருக்கு 2 சூட்கேஸ், 1 கைப்பை | தாமதமாகப் பதிவு செய்தால் மூன்று நான்கு மடங்கு விலை |
| கார் + லெ ஷட்டில் | 6½–8 மணி | வண்டிக்கு | காரில் அடங்குவது எல்லாம் | சுங்கச்சாலை, எரிபொருள், பாரிசில் பார்க்கிங் |
| விமானம் | 5½–6½ மணி | ஆளுக்கு | சிறு பை மட்டும் இலவசம் | சூட்கேஸ், இரு பக்கமும் விமான நிலையப் பயணம் |
| பேருந்து | 10–11 மணி | ஆளுக்கு | போதுமானது | தூக்கமில்லாத இரவு |
| ரயில் + கப்பல் | 10 மணிக்கு மேல் | ஆளுக்கு | கையில் தூக்க முடிவது | இணைப்பு தவறினால் ஒரு நாள் |

## யூரோஸ்டார்

லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ஏறிப் பாரிசின் கார் து நோர் நிலையத்தில் இறங்குகிறீர்கள். 492 கிலோமீட்டர், ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். நிலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர்வரை ஓடும் வண்டி சுரங்கத்துக்குள் 160க்குக் குறைந்துவிடும். இருட்டு சுமார் இருபது நிமிடம். சன்னலில் கடல் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள், ஏமாந்துபோவார்கள்.

இதன் பெரிய பலம் இரண்டு முனையிலும் இருக்கிறது. லண்டன் தமிழர் நிறைய வாழும் இடங்களிலிருந்து செயின்ட் பாங்கிராசுக்கு மாறாமல் வரலாம். ஹாரோ, வெம்பிளி பார்க் என்றால் மெட்ரோபாலிடன் லைன்; ஈஸ்ட் ஹாம் என்றால் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன்; டூட்டிங் பிராட்வே என்றால் பாங்க் வழியாகப் போகும் நார்தர்ன் லைன்; ஈஸ்ட் குரொய்டனிலிருந்து தேம்ஸ்லிங்க். பாரிஸ் முனையில் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னாலேயே லாச்சப்பல். பத்து நிமிட நடை. புறநகர் உறவினர் வீட்டுக்கும் அங்கிருந்தே வண்டி உண்டு: லா கூர்நெவ், திரான்சி, ஓல்னே என்றால் ஆர்.இ.ஆர் என்னும் புறநகர் ரயிலின் பி தடம், கார்ஜ்-சார்செல் என்றால் ஆர்.இ.ஆர் டி, பொபினி என்றால் மெட்ரோ 5.

இனி விலை. சாதாரண வகுப்பில் மிகக் குறைந்த விலை ஒரு வழிக்கு 40–50 பவுண்டு அளவில் தொடங்கும். பயண வாரத்தில் வாங்கினால் 200ஐத் தாண்டும். இருக்கைகள் விற்கவிற்க விலை ஏறும் முறை இது. எனவே "சலுகை வரட்டும்" என்று காத்திருப்பது குடும்பங்களுக்குப் பொருந்தாது. ஒரே வண்டியில் நான்கு இருக்கை மலிவாகக் கிடைப்பது தனி ஒருவருக்கு ஒன்று கிடைப்பதைவிடக் கடினம். பள்ளி விடுமுறை என்றால் மூன்று, நான்கு மாதம் முன்னதாக வாங்குங்கள். புறப்பட ஒரு மணி நேரம் முன்புவரை விலை வித்தியாசத்தை மட்டும் கட்டி வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், நாள் உறுதியாகாவிட்டாலும் முன்னதாக வாங்குவதில் இழப்பு அதிகமில்லை. செவ்வாய், புதன் நடுப்பகல் வண்டிகளே பெரும்பாலும் மலிவு. வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்புவதுதான் மிக விலை கூடிய சேர்க்கை. பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டியதில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் திரும்புதலை விட்டுவிடுங்கள்.

நிலையத்தில் தவறுவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். வண்டி புறப்பட 30 நிமிடம் முன்பு வாயில் மூடிவிடும். அதற்குள் டிக்கெட் வாயில், பாதுகாப்புச் சோதனை, பிரெஞ்சு எல்லைப் போலீஸ் எல்லாம் தாண்டியாக வேண்டும். பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவதால் பாரிசில் இறங்கி நேரே நடக்கலாம்; அந்த வசதிக்கான விலை இந்த வரிசை. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய ஐரோப்பிய நுழைவு–வெளியேற்றப் பதிவின்படி, ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ வதிவிட அட்டையோ இல்லாதவர்களுக்கு முதல் முறை புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை, படம் மட்டும். பிள்ளைகளோடு போகும்போது ஒன்றரை மணி நேரம் முன்பு நிலையத்தில் இருங்கள். திரும்பும்போது கார் து நோரில் மாடியில் உள்ள யூரோஸ்டார் பகுதியில் இன்னும் நெரிசல். பிரெஞ்சு வெளியேற்றமும் பிரித்தானிய நுழைவும் அடுத்தடுத்து நடக்கும். அங்கே ஒன்றரை மணி நேரம் தாராளமல்ல, தேவை.

சுமையில் ரயிலுக்கு நிகரில்லை. எடை போட மாட்டார்கள். 85 சென்டிமீட்டர்வரை நீளமுள்ள சூட்கேஸ் பெரியவருக்கு இரண்டு, சிறுவருக்கு ஒன்று, அதோடு கைப்பை. ஊறுகாய்ப் போத்தல், பிள்ளையின் மருந்து, சோடா எல்லாம் கொண்டுபோகலாம். 100 மில்லி கட்டுப்பாடு இங்கே இல்லை. ஆனால் சமையலறைக் கத்தி கூடாது. அக்காவுக்கு என்று வாங்கிய கத்திப்பெட்டி பாதுகாப்புச் சோதனையோடு நின்றுவிடும். வண்டி சுமார் 400 மீட்டர் நீளம். தாத்தா பாட்டி வருவதாக இருந்தால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பாரிசில் இறங்கியதும் ஒரு சின்னச் செலவு கண்ணில் படாமல் வரும். மெட்ரோவுக்கு நவிகோ ஈசி அட்டை (2 யூரோ) ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி நான்கு பேர் உள்ளே போக முடியாது. 2025 முதல் மெட்ரோ, ஆர்.இ.ஆர் இரண்டுக்கும் பாரிஸ் வட்டாரம் முழுவதும் ஒரே விலை. அந்த ஆண்டு 2.50 யூரோ. விமான நிலையப் பயணம் இதில் சேராது.

குறை என்ன? பாதை ஒன்றே. சுரங்கத்தில் மின்கோளாறோ வட பிரான்சில் தடத்தில் பழுதோ வந்தால் அன்றைய வண்டிகள் எல்லாம் தேங்கும். ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும் இரண்டு மணிக்கு மேல் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். கென்ட்டில் வசிப்பவர்களுக்கு இன்னொரு குறை: ஆஷ்ஃபோர்ட், எப்ஸ்ஃபிளீட் நிலையங்களில் 2020இலிருந்து யூரோஸ்டார் நிற்பதில்லை. வீட்டைத் தாண்டிப் போகப்போகும் வண்டிக்காக லண்டனுக்குப் பின்னோக்கி வர வேண்டும்.

இதுவே சரி: இரண்டு, மூன்று மாதம் முன்னதாகத் திட்டமிட முடிந்த, நான்கு பேருக்கு மேற்படாத குடும்பம், நான்கு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தை, ஊருக்குள் தங்கல், நெடுந்தூரம் உட்கார முடியாத முதியவர்.

## கார், லெ ஷட்டில் வழியாக

ஃபோக்ஸ்டனில் காரோடு ஏறினால் 35 நிமிடத்தில் கலே பக்கம் கொக்கெல்லில் இறங்கலாம். காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம். ஒரு வழி விலை நாளையும் நேரத்தையும் பொறுத்து 100 முதல் 200 பவுண்டுக்கு மேல். கூரைப் பெட்டி வைத்திருந்தால் பதிவு செய்யும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்: 1.85 மீட்டரைத் தாண்டினால் வேறு வகை வண்டிப் பெட்டி, பதிவிலும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கலேயிலிருந்து பாரிசுக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். சுங்கம் ஒரு வழிக்கு 22–25 யூரோ அளவில். சுங்கச் சாவடியின் இயந்திரம் இடப்பக்கம் இருக்கும். பிரித்தானியக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம். முன் இருக்கையில் இன்னொரு பெரியவர் இருந்தால் சிக்கலில்லை. தனியாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓட்டும் அம்மாவோ அப்பாவோ ஒவ்வொரு சாவடியிலும் இறங்கிச் சுற்றி வர வேண்டியிருக்கும். மின்னணுச் சுங்கக் கருவியை முன்பே வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவது நல்லது. நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 130, மழையில் 110. பாரிஸ் சுற்றுச்சாலையில் 2024 அக்டோபர் 1 முதல் 50, நகருக்குள் பெரும்பாலான தெருக்களில் 30. எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி, முகப்பு விளக்கின் ஒளியை வலப்பக்கப் போக்குவரத்துக்குத் திருப்பும் ஒட்டுவில்லை, காரின் பின்னால் நாட்டுக்குறி: இவை கட்டாயம். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குப் பின் இருக்கையும் வயதுக்கேற்ற சிறுவர் இருக்கையும்.

கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, பெரியவர் இருவர், எட்டு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. யூரோஸ்டாரில் மூன்று இருக்கை. முன்னதாக வாங்கிப் பெரியவருக்கு 55, சிறுவருக்கு 45 பவுண்டு என்று வைத்தால் போய்வர 310. காருக்கு ஷட்டில் ஒரு வழி 130 என்றால் போய்வர 260. 920 கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் வீதம் சுமார் 64 லிட்டர், லிட்டர் 1.40 என்றால் 90. சுங்கம் சுமார் 40. மொத்தம் 390. ரயில் வென்றது. இதே வீட்டில் இன்னும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தால் ரயில் 500ஐத் தாண்டும், கார் அதே 390இல் நிற்கும். பதிவு தாமதமாகி ஆளுக்கு 170 ஆகிவிட்டால் நால்வர் குடும்பத்துக்கே ரயில் 1,000ஐத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கில் இன்னும் பார்க்கிங் சேரவில்லை. ஊருக்குள் போகிறவர்களை அதுதான் கடிக்கும். 2024 அக்டோபர் முதல் பாரிஸ் தெருக்களில் வெளியாரின் கனமான கார்களுக்கு மூன்று மடங்குக் கட்டணம்: 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல், ஹைபிரிட் வண்டிகளும் 2 டன்னுக்கு மேற்பட்ட மின்கார்களும். 1 முதல் 11வரையான வட்டாரங்களில் மணிக்கு 18 யூரோ, மற்ற வட்டாரங்களில் 12. நம் குடும்பங்கள் விரும்பி வாங்கும் ஏழு இருக்கைக் கார்கள் பல இந்த எடையைத் தாண்டிவிடும். பதிவுப் புத்தகத்தில் எடையைப் பாருங்கள். லாச்சப்பல் கடைத்தெருவின் பெரும்பகுதி 10ஆம் வட்டாரம். புல்வார் து லா சப்பலைக் கடந்தால் 18. தெருவின் இந்தப் பக்கம் 18 யூரோ, அந்தப் பக்கம் 12. நிலத்தடி நிறுத்தகங்களில் இந்த மூன்று மடங்கு இல்லை. புறநகரில் உறவினர் வீட்டில் காரை விட்டுவிட்டு ஆர்.இ.ஆரில் ஊருக்குள் வருவதே புத்திசாலித்தனம்.

இதுவே சரி: ஐந்து பேருக்கு மேல், புறநகரில் கார் நிறுத்த இடமுள்ள வீடு, கல்யாணச் சாமான், பெரிய பாத்திரம், குழந்தைத் தொட்டில், கென்ட், தென்கிழக்கு லண்டன்வாசிகள், கடைசி வாரத்தில் முடிவானது. ஓட்டுநர் ஒருவர்தான், அவரும் வேலை முடித்துக் களைப்போடு இரவில் கிளம்புகிறார் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

## விமானம்

தனி ஆளுக்கு மலிவு, குடும்பத்துக்கு அரிதாக மலிவு. விளம்பர விலையில் இருக்கைக்கு அடியில் வைக்கும் பை மட்டும் அடக்கம். சூட்கேஸ் ஒன்றுக்கு ஒவ்வொரு வழியும் தனிக் கட்டணம். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் கிளம்பினால் எந்த நிலையத்தில் இறங்கினாலும் விமான நிலைய டிக்கெட்தான். 2025இல் ஆளுக்கு 13 யூரோ. லண்டன் பக்கம் லூட்டனோ காட்விக்கோ போகும் செலவையும் சேர்த்தால் ரயிலோடு இருந்த விலை வித்தியாசம் கரைந்துவிடும். பிரெஞ்சு எல்லை வரிசை இறங்கிய பிறகு வரும்; பசித்த குழந்தையோடு அங்கே நிற்பது கடினம். பாரிசிலிருந்து திரும்பும்போது ஊறுகாயும் சட்னியும் திரவமாகவே எண்ணப்படும்.

ஆனாலும் இரண்டு இடங்களில் விமானமே மேல். லண்டனுக்கு வெளியே, மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் லண்டனுக்கு வரும் ரயில் செலவையும் சேர்த்தால் நேர் விமானமே லாபம். மற்றது, உறவினர் வீடு வில்பான்ட், செவ்ரான், ஓல்னே பக்கம் என்றால் விமான நிலையம் கார் து நோரைவிட அருகில். தாமதத்திலும் விமானப் பயணிக்குச் சட்டம் தாராளம்: விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் ஆளுக்கு 220 பவுண்டு கேட்கலாம், டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

## பேருந்தும், ரயில்–கப்பல் இணைப்பும்

விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து பெர்சி சேன்வரை பேருந்து ஒன்பது, பத்து மணி நேரம். கடைசி நேரத்திலும் தாங்கக்கூடிய விலை இதில்தான். ஆனால் நள்ளிரவில் டோவரிலும், திரும்பும்போது கலேயிலும் எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். ஒருவரின் ஆவணத்தில் சிக்கல் என்றால் பேருந்து காத்திராது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சரி. பத்து வயதுக்குக் கீழ் என்றால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

விக்டோரியாவிலிருந்து நியூஹேவன், அங்கிருந்து நான்கு மணி நேரக் கப்பலில் தியேப், பிறகு ரூவானில் மாறி செயின்ட் லசார். கடல் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு இது நல்ல பகல். தியேப் துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே சூட்கேசோடு போக வேண்டிய தூரத்தை மறக்காதீர்கள். போகும்போது மட்டும், அவசரமில்லாத கோடைநாளில்.

## எந்த வழியானாலும்: ஆவணமும் சாப்பாடும்

பிரித்தானியப் பாஸ்போர்ட் நுழையும் நாளில் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறிய பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான். பெரும்பாலும் அதுதான் காலாவதியாகியிருக்கும். இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா: பெரியவருக்கு 90 யூரோ, 6–11 வயதுக்கு 45, ஆறுக்குக் கீழ் இலவசம். உறவினர் வீட்டில் தங்கினால் அவர் தம் நகரசபையில் விருந்தினர் அத்தாட்சி எடுத்து அனுப்ப வேண்டும், 30 யூரோ; இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஊரிலிருந்து பிரித்தானியச் சுற்றுலா விசாவில் வரும் அம்மாவுக்கு லண்டனில் இருந்துகொண்டு ஷெங்கன் விசா எடுப்பது மிகக் கடினம். கொழும்பிலோ சென்னையிலோ கிளம்பும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்போர் டிக்கெட் வாங்கும் முன் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டாக வேண்டும்.

நம் பெயர்முறையால் வரும் சிக்கல் ஒன்று. பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்; அம்மாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அம்மா தனியாகப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, முக்கியமாகப் பிரித்தானியாவுக்குத் திரும்புகையில், உறவு என்ன என்று அதிகாரி கேட்பார். பிறப்புச் சான்றிதழின் நகலும், வராத பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதமும் பையில் இருக்கட்டும்.

பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்கு இறைச்சியும் பாலுணவும் கொண்டுபோகத் தடை. கோழிப் பிரட்டலோடு இடியப்பப் பார்சல் கட்டினால் இறங்கும் முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். குழந்தைப் பால்மா 2 கிலோவரை சரி. கருவாட்டுக்குத் தடையில்லை, காற்றுப் புகாமல் கட்டினால் போதும். கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாய்க்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசிக்கு வேண்டாம். கறிவேப்பிலை எப்படியும் லாச்சப்பலில் கிடைக்கும். திரும்பும்போது, 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து சீஸ், வெண்ணெய், ஆடு மாடு பன்றி இறைச்சி கொண்டுவரப் பிரித்தானியா தடை விதித்திருக்கிறது.

## தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் கோவில் தேர் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அது பல ஆண்டுகளில் பிரித்தானியாவின் ஆகஸ்ட் வங்கி விடுமுறை வார இறுதியோடு சேர்ந்துவிடும். ஆண்டின் மிக நெரிசலான யூரோஸ்டார் நாட்களில் அதுவும் ஒன்று. தேர் நாள் அறிவித்ததும் அன்றே வாங்குங்கள்: வியாழன் போய்ச் செவ்வாய் திரும்புவது வெள்ளி–திங்களைவிட மலிவாக அமையும். காரில் போவதானால் தேர் ஓடும் தெருக்கள் காலையிலிருந்தே மூடப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தெரு பார்க்கிங் இலவசம்தான், ஆனால் அன்று அந்தப் பக்கம் இடம் கிடைக்காது. காரைச் சார்செல்லிலோ லா கூர்நெவிலோ விட்டு, எட்டு மணிக்கு முன் ஆர்.இ.ஆரில் கார் து நோர் வந்து இறங்குங்கள்.